சோழவரத்துக்குப் போன மூக்கு

பியாட்ரிஸை மூன்று பேர் பெண் பார்க்க வந்தார்கள். முதலில் வந்தவருக்குத் துறைமுகத்தில் வேலை. தமக்கு வரப்போகும் பென்ஷனைப் பற்றிப் பேசினார். இரண்டாமவர் தம் அண்ணனுக்கு வரப்போகும் பென்ஷனைப் பற்றிப் பேசினார். மூன்றாவதாக வந்த அகஸ்டின், சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். மேற்கொண்டு என்ன உத்தேசம் என்று பெண்ணின் அப்பா கேட்டதற்கு, கேக்குத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "என்னிக்காவது ஒரு நாள் ரேஸ் கார் ஓட்டணும்னு இருக்கேன்" என்றார். அப்பாவுக்குப் புரையேறியது. உள் அறையில் கதவோரம் நின்றிருந்த பியாட்ரிஸ், கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

சட்டென்று முடிவு செய்வது அவள் சுபாவம். அவர் சுபாவம் வேறு என்பது தாலி ஏறிய பிறகு தெரிந்தது. ஒரு மின்விசிறி வாங்க, எந்தக் கம்பெனி, எத்தனை இறக்கை, கூடத்துக்கா அறைக்கா என்று யோசித்து இரண்டு கோடைகாலம் வேர்த்துக்கொண்டே கழிந்தது. பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சாமியார் தண்ணீரும் கையுமாக நிற்கிறார். இவர் அப்போதும் இரண்டு பெயர்களை எடை போட்டுக்கொண்டிருந்தார். பியாட்ரிஸ்தான் "மர்சலின்" என்று சொல்லிச் சாமியாரை விடுவித்தாள். மற்றபடி ஆளைக் குறை சொல்ல முடியாது. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, குரலை உயர்த்திப் பேச மாட்டார். இதெல்லாம் துறைமுகக்காரரிடமும் இருந்திருக்கும். அவள் இவரைக் கட்டிக்கொண்டது அந்த ஒரு வார்த்தைக்காக. அது நடக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதைவிட அவள் அதிகம் ஆசைப்பட்டாள். நடக்காவிட்டால், மூன்று பேரில் தான் தேர்ந்தெடுத்தது வெறும் பேச்சைத்தான் என்று ஆகிவிடும் அல்லவா.

அறுபத்தெட்டில் அது நடந்துவிடும் போலத் தோன்றியது. லஸ் முனையில் நடைபாதைப் புத்தகக் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை அகஸ்டினுக்குக் கிடைத்தது. அதில் ஒரு பக்கம் முழுக்க இங்கிலாந்துப் பந்தயக் கார் ஒன்றின் படம். நீண்டு உருண்ட மூக்கு, முட்டை வடிவில் சின்ன வாய். பச்சை நிறம் என்று கீழே எழுதியிருந்தது; படம் கறுப்பு வெள்ளை. இதே காரை அச்சு அசலாகக் கட்டி, சோழவரத்தில் வருஷா வருஷம் நடக்கும் பந்தயத்தில் ஓட்டுவதென்று அவர் வீட்டுக்கு வந்து அறிவித்தார். அன்று பியாட்ரிஸ் பாயசம் வைத்தாள்.

அதே வருஷம், கிண்டியில் மரத்தில் மோதிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்று மலிவாக வந்தது. அவர்கள் குடியிருந்தது அபிராமபுரத்தில், சுப்பராமன் என்ற ரிடையர்டு அதிகாரியின் வீட்டுப் பின்கட்டு. பக்கத்தில் அவருடைய பழைய மாட்டுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. நாலு மாதக் கதைதானே என்று நினைத்து அவரும் சரி என்றார். கொட்டகைக்குள் வண்டியை ஏற்றிய அன்றே, நசுங்கிய அதன் முகப்பை அகஸ்டின் கீல்களோடு சேர்த்து அறுத்தெடுத்துப் புதுப்பேட்டையில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். குடும்ப வண்டியின் மூஞ்சி ரேஸ் காருக்கு எதற்கு என்பது அவர் கேள்வி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இஞ்சின் வேலைக்கு மந்தைவெளி மெக்கானிக் தங்கவேல் கிடைத்தான். உடம்புக்கு ஆள் கிடைத்தது தி.நகரில். பியாட்ரிஸ் பழைய இட்லிக் கொப்பரையைக் கொடுத்துப் புதிது வாங்கப் போன பாத்திரக் கடையில், கூடப் போன அகஸ்டின் ஒரு கல்யாண அண்டாவின் வளைவைத் தடவிக்கொண்டு அசையாமல் நின்றார். குறை கண்டுபிடிக்கிறார் போலிருக்கிறது என்று கடைக்காரர் தம்பி இசக்கிமுத்து கிட்டே வந்தார். அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக் குடும்பம். அண்ணன் கனகராஜ் கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். தம்பிக்குக் கல்லாவில் உட்கார இடமில்லை. அண்டா வளைகிற தகட்டில் காருக்கு மூக்கு வளையுமா என்று அகஸ்டின் கேட்டார்.

"வளையும் சார்வாள். அண்டாவுக்கு மேல கனமா தட்டணும், அவ்வளவுதான். நம்ம பட்டறையில செஞ்சுதாரேன்" என்றார் இசக்கிமுத்து. அவருக்கும் அண்டா அலுத்துப் போயிருந்தது.

மூக்கு வந்து இறங்கிய அன்று பியாட்ரிஸுக்கே மனசு ஒரு நிமிஷம் நின்றது. அத்தனை அழகு. அலுமினியத்தில் ஒரு சுத்தியல் தழும்பு இல்லை. விளக்குகளுக்கு இரண்டு குழி, நடுவில் படத்தில் இருந்த அதே வாய். மர்சலின் உள்ளே புகுந்து வாய் வழியாகத் தலையை நீட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த பிப்ரவரியில் சோழவரம் என்று இசக்கிமுத்து கையடித்துச் சொன்னார். இனி இதைக் காரில் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

எப்படி மாட்டுவது என்ற கேள்வியை யார் முதலில் கேட்டார்கள் என்பது தெரியவில்லை. கேட்டவர் நன்றாக இருக்கட்டும்.

விஷயம் இவ்வளவுதான். காரின் முன்பாகம் முழுக்க ஒரே மூடி. இஞ்சினைத் தொட வேண்டுமானால் அந்த மூடி திறக்க வேண்டும். மூன்று வழிகள் உண்டு. மூக்கு நுனியில் கீல் வைத்தால், மூடி மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். பார்க்கக் கம்பீரம், காற்று அடித்தாலும் மூடியை அமுக்கத்தான் செய்யும். ஆனால் கொட்டகையில் வண்டியின் மூக்குக்கும் சுப்பராமன் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம், மூடியைக் கவிழ்க்க முடியாது. பின்பக்கம், கண்ணாடிக்குக் கீழே கீல் வைத்தால் அம்பாசடர் மாதிரி மேலே தூக்கிக்கொள்ளலாம். ஆனால் ஓடுகிற வேகத்தில் பூட்டு விட்டுப்போனால் மூடி காற்றில் எகிறி ஓட்டுகிறவர் முகத்தில்தான் அறையும். மூன்றாவது, கீலே வேண்டாம். நாலு மூலையில் முளை, பக்கத்துக்கு ஒரு தோல் வார், வாரை அவிழ்த்தால் மூக்கைத் தனியாகக் கழற்றி எடுத்துவிடலாம். ஆனால் கழற்றும்போது ஆளுக்கு ஒரு பக்கம் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

"சட்டிக்கு மூடி எப்படியோ அப்படி. கழத்து, மாட்டு. இதுல என்ன ஆராய்ச்சி சார்வாள்" என்றார் இசக்கிமுத்து.

"ஒரிஜினல்ல எப்படின்னு தெரியணுமில்ல அண்ணாச்சி. அச்சு அசல்னு சொல்லிட்டோமே."

ஒரிஜினல் என்பது அந்த ஒரு பக்கப் படம். படத்தில் மூக்கு மூடியிருந்தது. விளக்குக்குக் கீழே சின்னதாக ஒரு கறுப்பு இருந்தது. பள்ளிக்கூடத்து லென்ஸைக் கொண்டுவந்து அகஸ்டின் அதை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தார். அது கீலாக இருக்கலாம், அச்சு மையாக இருக்கலாம், கடைக்காரன் பஜ்ஜி தின்ற விரலாகவும் இருக்கலாம். கீல் என்று ஒரு வாரம் நம்புவார், மை என்று மறுவாரம். நம்புகிற வாரத்தில் முன்பக்கம் துளை போடுவார். நம்பாத வாரத்தில் அந்தத் துளையை அடைப்பார்.

அந்த வருஷம் பிப்ரவரி போயிற்று. அடுத்த வருஷம் பிப்ரவரியும் போயிற்று. தங்கவேல் மாதம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார், இஞ்சின் எப்பவோ ரெடியா கீது. இன்னும் மூக்கையே பாத்துக்கினு கீறீங்க. சும்மா நிக்கிற வண்டி, பிரேக்கை ஒரு தபா பிரிச்சுப் பாத்துரலாம் சார்."

"மொதல்ல மூக்கு முடியட்டும் தங்கவேல். அப்புறம் மத்ததெல்லாம்."

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் அவருக்கு மூக்கு மாஸ்டர் என்று பெயர் வந்துவிட்டது. சுப்பராமன் காலையில் ஹிந்து பேப்பரோடு கொட்டகைப் பக்கம் வந்து நிற்பார். "என்ன அகஸ்டின், இன்னிக்கு மூக்கு முன்னாடியா பின்னாடியா" என்பார். அகஸ்டின் அதையும் ஒரு விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டு, மூன்று முறைகளின் நன்மை தீமைகளை அவருக்கு விளக்குவார். பாவம், கேலி செய்ய வந்த மனிதர் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு நிற்பார்.

எழுபத்தொன்றில் ஒரு சாயங்காலம் நடந்ததை பியாட்ரிஸ் யாரிடமும் சொன்னதில்லை. தண்ணித்துறை மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரோட்டோரம் ஒரு ஹெரால்டு மக்கர் செய்து நின்றிருந்தது. சொந்தக்காரர் அதன் மூடியைத் திறந்திருந்தார். விளக்கு, மட்கார்டு, எல்லாம் சேர்ந்த மொத்த முகப்பும், மூக்கு நுனியில் இருந்த கீலில், முன்பக்கமாக அழகாகக் கவிழ்ந்து நின்றது. உள்ளே இஞ்சின் முழுசாகத் தெரிந்தது. அகஸ்டின் மூன்று வருஷமாகக் காகிதத்தில் போட்டுப் போட்டு அழித்த படம் அது. கம்பெனிக்காரனே வைத்துக் கொடுத்த கீல்கள். அவர் முதல் நாளே அறுத்துப் புதுப்பேட்டையில் போட்டது அவற்றைத்தான்.

பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க, அவர் அப்படியே நின்றார். அவளும் நின்றாள். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நேரமாச்சு" என்றார் கடைசியில்.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதுதான் அவள் கேட்டாள். பல நாளாக நாக்கு நுனியில் இருந்த கேள்வி.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டுமா? மூக்கு மாட்டிட்டா அப்புறம் ஓட்டணும். அதுக்குத்தான் பயப்படறீங்களா?"

அகஸ்டின் சாப்பாட்டைப் பாதியில் விட்டார். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். கோபம் என்றால் அவரிடம் அவ்வளவுதான். பியாட்ரிஸ் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பயப்படுவது அவளுக்குப் பொருட்டில்லை. டிரைவர் வராத நாளில் கடற்கரைச் சாலையில் பள்ளிக்கூட வேனை ஓட்டும்போதே மாட்டு வண்டியை முந்தாதவர் அவர்; பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயத்துக்கு மூக்கு என்று பெயர் வைத்து வருஷக்கணக்கில் தடவிக்கொண்டிருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அழுகை வந்தது. அழுதுவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

அந்த வருஷக் கடைசியில் சுப்பராமன் பின்கட்டுக்கே வந்தார். முகத்தில் கேலி இல்லை.

"தப்பா நெனச்சுக்கப்படாது. எங்க பொண்ணு ஜானு மாசி மாசம் குடும்பத்தோட வந்து இங்கேயே இருக்கப்போறா, மாப்பிள்ளைக்கு மெட்ராஸுக்கு மாத்தலாயிடுத்து. கொட்டகைய இடிச்சு ரூம் கட்டியாகணும். நானும் மூணு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு நெனச்சிண்டிருந்தேன், சொல்லலை. இந்த ரேஸோட வண்டிய எடுத்துண்டுடுங்கோ."

கொட்டகை போனால் வண்டி போயிற்று; அதை நிறுத்த வேறு இடம் கிடையாது. ஆக, வருகிற பிப்ரவரி ஒன்றுதான் மிச்சம். பியாட்ரிஸ் அன்றைக்கே சொல்லிவிட்டாள். "வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வீட்டுக்கு வர்றப்போ எப்படி மாட்டறதுன்னு சொல்லணும். இல்லன்னா நான் சொல்லிடுவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அகஸ்டின் என்ன செய்தார் தெரியுமா? மூன்று துண்டுக் காகிதத்தில் முன்கீல், பின்கீல், கழற்றுவது என்று எழுதி மடித்து, கோயிலில் அந்தோணியார் சுரூபத்தின் பாதத்தில் வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, உபதேசியாரை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். திருவுளச் சீட்டு. முன்கீல் என்று வந்தது. வந்ததை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் மூக்கில் பாதி இசக்கிமுத்துவுடையது, அவர் வேறு மதம், அவர் பக்கத்தையும் கேட்காமல் முடிவு செய்வது நியாயமில்லை என்று இவருக்குப் பட்டுவிட்டது. இருவருமாகக் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போய், அதே சீட்டுகளை மறுபடி மடித்து, சந்நிதியில் வைத்து, குருக்களை விட்டு எடுக்கச் சொன்னார்கள். கழற்றுவது என்று வந்தது.

மத்தியானம் இருவரும் வீட்டுக்குள் வந்த கோலத்தைப் பார்த்து யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பியாட்ரிஸ் பயந்துவிட்டாள்.

"அந்தோணியார் ஒண்ணு சொல்றாரு, கபாலீஸ்வரர் ஒண்ணு சொல்றாரு" என்றார் அகஸ்டின். "ரெண்டு பேருக்கும் பொதுவா யாரைக் கேக்கறதுன்னுதான்."

"வேளாங்கண்ணி போயிட்டு வந்துருவோமா?" என்றார் இசக்கிமுத்து. அவர் நிஜமாகத்தான் கேட்டார்.

பியாட்ரிஸ் இருவரையும் கையைப் பிடிக்காத குறையாகக் கொட்டகைக்குக் கூட்டிப் போனாள். வண்டிக்கு முன்னால், சுவரில் முதுகு உரச நின்றாள்.

"முன்னாடி கவுக்கறதுன்னா நான் நிக்கிற இடத்துல கவுத்துக் காட்டுங்க. முடியாது. மேல தூக்கறது மூஞ்சில அடிக்கும்னு நீங்களே சொல்லிட்டீங்க. பாக்கி என்ன இருக்கு?"

"கழட்டறது" என்றார் அகஸ்டின், பாடம் ஒப்பிக்கும் பையன் குரலில்.

"அவ்வளவுதான். சுவரு சொல்லிடுச்சு. வாங்க சாப்பிட."

இப்படியாக, ஒரு பந்தயக் காரின் மூக்கு எப்படி மாட்டப்பட வேண்டும் என்பதை அபிராமபுரத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையின் சுவர் தீர்மானித்தது. முளைகளும் வார்களும் ஒரே வாரத்தில் முடிந்தன. மூக்கு சிக்கென்று உட்கார்ந்தது. அகஸ்டின் அதை மாட்டிக் கழற்றி, கழற்றி மாட்டி, எல்லாப் பந்தய வண்டிகளுக்கும் இதுதான் மரபு என்று சுப்பராமனிடம் விளக்கிக்கொண்டிருந்தார். விடிகாலையில் கடற்கரைச் சாலையில் இரண்டு தடவை ஓட்டியும் பார்த்தார், வேன் வேகத்தில். பிரேக்கைப் பிரிப்பதற்குத் தங்கவேலுக்கு நேரம் ஒழியவில்லை. அவனுக்கு நேரம் ஒழிந்த அன்று பச்சைப் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது, வண்டியைத் தொடக்கூடாது என்று அகஸ்டின் சொல்லிவிட்டார்.

கழற்றுகிற மூக்கு இசக்கிமுத்துவுக்கு ஏன் அத்தனை பிடித்திருந்தது என்பது பொங்கலுக்குத் தெரிந்தது. பண்டிகை வியாபாரத்துக்கு மட்டும் கடையில் வைத்துக்கொள்கிறேன், பத்திரமாகத் தருகிறேன் என்று எடுத்துப் போனார். பியாட்ரிஸ் பொங்கப்பானை பார்க்கப் போனபோது, கடை வாசலில் மூக்கு அந்தரத்தில் தொங்கியது. முளைத் துளைகளில் கம்பியைக் கோத்து உத்தரத்தில் கட்டியிருந்தார்கள். கீழே, சோழவரம் பந்தயத்தில் ஓடும் எங்கள் அலுமினியம் என்று ஒரு தட்டி. உஸ்மான் ரோடு காற்றுக்கு அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் எம்பி ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். கல்லாவில் கனகராஜ் முதல் தடவையாகத் தம்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பந்தயத்தன்று விடியும் முன்பே கடை லாரியில் வண்டியை ஏற்றினார்கள். பங்குச் சாமியார் தூக்கம் கலையாத முகத்தோடு தீர்த்தம் தெளித்தார். இசக்கிமுத்து நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, மூக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்து ரோஜா மாலை போட்டார். சுப்பராமன் பால்கனியில் நின்று கை அசைத்தார். பியாட்ரிஸ் லாரியில் முன்னால் உட்கார்ந்து, மடியில் புளியோதரைத் தூக்கை வைத்துக்கொண்டாள். மர்சலினை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் வெயில் ஏறியபோது பரிசோதனை செய்கிற அதிகாரி வந்தார். தொப்பி, அரை டிராயர், பட்டாளத்து மீசை. பிரேக்கை ஒரு மிதி மிதித்தார், நின்ற வண்டி நின்றபடி இருந்தது, தலையசைத்தார். ஸ்டியரிங்கைத் திருப்பினார். டயரை உதைத்தார். பிறகு முன்னால் வந்து மாலையை ஒதுக்கி, மூக்கை இரு கையாலும் பிடித்து உலுக்கினார். அது தாளம் போட்டது.

"துளையெல்லாம் பெருசாயிருக்கு. எங்க தொங்கவிட்டீங்க இதை?"

இசக்கிமுத்து வானத்தைப் பார்த்தார்.

"வேகத்துல இது பிச்சுக்கிட்டுப் போகும். பின்னால வர்றவன் மேல விழும். கழட்டி வெச்சுட்டு ஓட்டறதுன்னா ஓட்டுங்க. இல்லன்னா அனுமதி கிடையாது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

மூக்கு இல்லாவிட்டால் அது இங்கிலாந்துக் கார் இல்லை. கிண்டியில் மரத்தில் மோதிய ஹெரால்டு. ரேடியேட்டரும் வயரும் எலும்புமாக நிற்கும். இத்தனை வருஷமும் எதைக் கட்டினார்களோ அதைத்தான் கழற்றிக் கீழே வைக்கச் சொல்கிறார் அந்த மனிதர்.

"மூக்கு இல்லாம ஓட்டி என்னத்துக்கு சார்வாள்? எல்லாரும் சிரிப்பாக" என்றார் இசக்கிமுத்து. குற்றம் தம்முடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "என் தப்புதான். பேசாம திரும்பிருவோம். அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

பியாட்ரிஸ் தன் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அடுத்த வருசம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அந்த முகத்தில் ஒரு இறுக்கம் தளர்ந்தது. நெற்றி விரிந்தது. பரீட்சை தள்ளிப் போய்விட்டது என்று கேள்விப்பட்ட பையனின் முகம். அடுத்த வருஷம் கிடையாது, கொட்டகை இருக்காது, இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்கு வந்த கோபத்தில் தூக்கை அவர் தலையில் கவிழ்த்திருப்பாள். கோபத்துக்கு அடியில் இரக்கமும் வந்தது.

தூக்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியின் இடது பக்கம் போனாள். தோல் வாரை அவிழ்த்தாள். மூக்கின் ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கத்தை மட்டும் தூக்கினாள். ஒரு பக்கம் எழும்பியது, மறுபக்கம் வாரில் மாட்டி நின்றது. இதைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். அவள் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள். அலுமினிய விளிம்பு கையை அறுத்தது.

இசக்கிமுத்து உதவிக்கு வந்தார். "நீங்க இருங்க அண்ணாச்சி" என்றாள்.

அகஸ்டின் அவளைப் பார்த்தார். தம் நிம்மதியை அவள் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். காதுவரை சிவந்துபோனார். மின்விசிறிக்கு இரண்டு கோடை யோசித்த மனிதர், அப்போது எவ்வளவு நேரம் யோசித்தார் என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை. கை வலித்தது, அவ்வளவுதான் தெரியும். அவர் வலது பக்கம் போய் வாரை அவிழ்த்தார். இருவருமாக மூக்கைத் தூக்கி, மாலை நசுங்காமல், தரையில் வைத்தார்கள்.

பந்தயம் தொடங்கியபோது ஒலிபெருக்கி அந்த இங்கிலாந்துக் காரின் பெயரை இங்கிலீஷில் பெருமையாக அறிவித்தது. எலும்புக்கூடு ஒன்று புகை விட்டுக்கொண்டு கிளம்பியதும் கூட்டம் சிரித்தது. பியாட்ரிஸ் மூங்கில் தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் சுற்றில் அவர் எல்லாருக்கும் பின்னால் வந்தார். இரண்டாவது சுற்றில், வளைவுக்கு வரும்போது மற்ற வண்டிகள் எல்லாம் கீச்சென்று வேகம் குறைத்தன. அவர் மட்டும் குறைக்கவில்லை. அகலமாக வெளியே போய், புல்லில் புழுதி கிளப்பி, மறுபடி தார் ஏறினார். ஒருவரை முந்திவிட்டார். மாட்டு வண்டியை முந்தாத மனிதர். அடுத்த வளைவிலும் வேகம் குறையவில்லை. கூட்டம் சிரிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்த்தது. பெண் பார்க்க வந்த அன்று கதவோரம் நின்று எடுத்த முடிவு சரிதான் என்று, இத்தனை வருஷம் கழித்து, வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் நின்ற சர்தார்ஜி என்னவென்று திரும்பிப் பார்த்தார்.

முடிவில் அவர் கடைசிக்கு முந்தியவராக வந்தார். கடைசி ஆள் நடுவழியில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தார். கொடி அசைத்த பிறகும் அகஸ்டின் நிற்கவில்லை. இன்னொரு சுற்றுப் போனார். ஆசை தீரவில்லை போலிருக்கிறது என்று ஜனம் கை தட்டியது. அந்தச் சுற்று முடியும் இடத்தில் தாரை விட்டு இறங்கி, புல்லுக்குள் வெகுதூரம் ஓடி, ஒரு முட்புதரில் போய் வண்டி நின்றது.

பியாட்ரிஸ் ஓடினாள். செருப்பு ஒன்று வழியில் கழன்றுபோயிற்று. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் ஆயில், கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை.

"நான் பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள் மூச்சு வாங்க. "வளைவுல எல்லாரும் பயந்து பிரேக் போட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் போடவே இல்ல."

அகஸ்டின் மெதுவாகத் திரும்பினார்.

"போட்டேன் பியாட்ரிஸ். மொத சுத்துலேந்து போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். பிடிக்கல."

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு. உயிரு போற பயம். அப்புறம், நிறுத்த முடியாதுன்னு ஆனப்புறம், ஓட்டறதைத் தவிர வேற வேலை இல்ல. ஓட்டினேன்."

தூரத்தில் இசக்கிமுத்து, கடை ஆள் ஒருவனோடு, மாலை போட்ட மூக்கைத் தூக்கிக்கொண்டு புல்லில் இறங்கி வந்துகொண்டிருந்தார். முகம் பழையபடி மலர்ந்திருந்தது.

"எத்தனாவது சார்வாள்? என்னால பாக்க முடியல. மூக்கைச் சுத்தி ஒரே சனம். இதை எப்படி மாட்டினீகன்னு கேட்டு உசிரை எடுத்துட்டாக."

பியாட்ரிஸ் குனிந்து பார்த்தாள். இஞ்சின் அணைந்து, புகையும் அடங்கிவிட்டது. அவருடைய வலது கால் மட்டும் இன்னும் பலங்கொண்ட மட்டும் பிரேக்கை மிதித்துக்கொண்டு நடுங்கியது. அவள் அந்த முழங்காலின் மேல் கையை வைத்தாள்.

"காலை எடுங்க" என்றாள். "வண்டி நின்னுடுச்சு."